டெய்லராக இருந்து லைன் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு: முதல் மூன்று மாதம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் உருவாகிறார்கள். நன்றாகத் தைப்பவர், அடிக்கடி லீவு போடாதவர், ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்ற மூன்று வகைத் தையல் மெஷினிலும் கை ஓடுபவர் என்று ஒருவரைப் பார்த்து, "திங்கட்கிழமையிலிருந்து இந்த லைனை நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறார்கள். அத்தோடு சரி. மெஷினைக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் கொடுத்த அதே கம்பெனி, லைன் என்கிற மெஷின் வரிசையில் இருக்கும் முப்பது பேரை நடத்தக் கற்றுக்கொள்ள ஒரு நாள்கூடக் கொடுப்பதில்லை. சனிக்கிழமை வரை பக்கத்து மெஷினில் இருந்து ஒன்றாக டீ குடித்தவர்களிடம் திங்கட்கிழமை வேலை வாங்க வேண்டும்.

அப்படி நேற்றுப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். தையல் தளங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. லைனில் ஏதாவது தப்பாகப் போனால், அது செக்கிங் டேபிளுக்குப் போவதற்கு முன், மேனேஜர் காதுக்குப் போவதற்கு முன், உங்களிடம் வர வேண்டும். தைத்தவரே எழுந்து வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆட்களுக்குத் தைரியம் வருகிற மாதிரி நடந்துகொள்வதுதான் தலைமை என்பது என் கருத்து. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அதற்கான வழிகள். வேறு தொழிற்சாலையிலோ கடையிலோ மருத்துவமனையிலோ இருப்பவர்கள், மெஷின் பெயர்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

பொறுப்பேற்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். புரொடக்‌ஷன் மேனேஜரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தரத்தில் கோளாறு தெரிந்தால் லைனை நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டா? அரை நாள் பெர்மிஷனை நானே கொடுக்கலாமா? ஒருவரை ஓர் ஆபரேஷனிலிருந்து, அதாவது தையலின் ஒரு படியிலிருந்து, இன்னொன்றுக்கு மாற்ற யாரைக் கேட்க வேண்டும்? கூடுதல் நேர வேலையை யார் முடிவு செய்கிறார்கள், எத்தனை மணிக்குள் சொல்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் தெரியாமல் லைனுக்குள் போனால், முதல் வாரமே ஒரு டெய்லருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதை மீற வேண்டியிருக்கும். ஒரு முறை வாக்குத் தவறிய சூப்பர்வைசரை மறுபடி நம்ப வைக்க மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள்: உங்கள் லைனில் யார் யார் கம்பெனி ஆட்கள், யார் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள், யாருக்கு ஷிப்ட் சம்பளம், யாருக்கு பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி? இது கணக்குப் பிள்ளையின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஆல்டர், அதாவது கோளாறான பீஸைத் திரும்பச் சரிசெய்வது, கூலியில்லாத வேலை. அவர் தன் தவறைத் தானே வந்து சொன்னால், அன்றைய கூலியில் ஒரு பகுதி போய்விடும். ஷிப்ட் சம்பளக்காரருக்கு அந்த நஷ்டம் கிடையாது. இருவரும் ஒரே மாதிரி ஏன் நடந்துகொள்வதில்லை என்பது இந்த ஒரு கணக்கில் பாதி விளங்கிவிடும். குணத்தைக் குறை சொல்லும் முன் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள்.

முதல் வாரம்: ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவும் ஆள்), செக்கிங் என்று லைனில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஐந்து பத்து நிமிடம் பேசுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் பேசி முடிக்க முயல வேண்டாம். நாளுக்கு ஐந்தாறு பேர் போதும். அவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றே பேசலாம், ஆபீசுக்குக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் வேலை போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள்.

கேட்க வேண்டியவை மூன்று. எந்தெந்த மெஷினில் பழக்கம்? எந்த ஆபரேஷன் செய்யப் பிடிக்கும், எது பிடிக்காது? தினமும் உங்கள் வேலையைக் கெடுப்பது எது?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் புதையல். நூல் கோன் தீர்ந்தால் கொண்டுவர ஆள் இல்லை, நூல் வெட்டும் டிரிம்மர் மொட்டையாக இருக்கிறது, தலைக்கு மேல் ட்யூப்லைட் விட்டு விட்டு எரிகிறது, ஃபேன் காற்று துணியைத் தள்ளிவிடுகிறது என்று சொல்வார்கள். இவற்றில் பெரும்பாலானவை நூறு இருநூறு ரூபாயில் முடிகிற காரியங்கள். அந்த வாரத்துக்குள் இரண்டு மூன்றையாவது சரிசெய்து காட்டுங்கள். முடியாததை ஏன் முடியாது என்று அவரிடமே போய்ச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு, கேட்காமலே இருந்திருக்கலாம்.

முறை வைத்துக் கூப்பிடுவதில் எதையும் மாற்றாதீர்கள். நேற்று வரை "அக்கா" என்று கூப்பிட்டவரை இன்று பேர் சொல்லிக் கூப்பிட்டால், அன்று மதியச் சாப்பாட்டில் முழுத் தளமும் அதைத்தான் பேசும். வயதில் மூத்தவரிடம், "அக்கா, இந்த பண்டிலை (வெட்டிய பீஸ் கட்டு) முதலில் முடித்துக் கொடுங்கள், பிளாட்லாக்கில் ஆள் சும்மா இருக்கிறார்" என்று காரணத்தோடு கேட்டால் அதிகாரம் ஒன்றும் குறைந்துவிடாது. பழைய தோழர்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். அவர்களோடு டீ குடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்களைப் பற்றி அவர்களிடம் பேசுவதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

வெளிமாநிலத்தவர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் என்று பல இடங்களிலிருந்து வருகிறார்கள். எல்லோரையும் "ஹிந்திக்காரங்க" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஒடியா பேசுபவர், வங்காளி பேசுபவர், சந்தாலி பேசுபவர் எல்லாம் அதில் இருக்கிறார்கள். பலருக்கு ஹிந்தியே இரண்டாவது மொழி. ஒவ்வொருவர் பெயரையும் அவர்கள் உச்சரிப்பது போலவே கற்றுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிற ஒருவரிடம் வந்து யாரும் தன் தவறைச் சொல்ல மாட்டார்கள்.

காலை நேரம்

லைன் ஓடத் தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிடுங்கள். கட்டிங்கிலிருந்து பீஸ் வந்திருக்கிறதா, ரிப் (கழுத்துப் பட்டிக்கான இழுபடும் துணி), லேபிள், நூல் ஷேடு (நிறச் சாயல்) சரியா, அப்ரூவ் ஆன சாம்பிள் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறதா, நேற்று மக்கர் செய்த மெஷினை மெக்கானிக் பார்த்துவிட்டாரா என்று ஒரு சுற்று வாருங்கள். பிறகு மூன்று நிமிடம் எல்லோரையும் நிறுத்திப் பேசுங்கள். இன்று என்ன ஸ்டைல், எத்தனை பீஸ், நேற்று அதிகம் வந்த கோளாறு எது, இன்றைக்கு எதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். அறிவுரை வேண்டாம், நேற்று ஆல்டர் வந்தவர் பெயரும் வேண்டாம்.

தவறு உங்களிடம் வரும் வழி

மெஷினில் ஊசி உடைவதை எடுத்துக்கொள்வோம். நான்கு நூல் ஓவர்லாக்கில் இரண்டு ஊசி ஓடும். பக்கத் தையல் ஓட்டும்போது, மடிப்பு தடித்த இடத்தில் ஒன்று உடைகிறது. ஏற்றுமதி கம்பெனிகளில் விதி தெளிவாக இருக்கும். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒன்றாகச் சேர்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, ஊசி ரிஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தால் அந்த பண்டிலையே தனியாக எடுத்துவைத்து, மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். குழந்தைகள் போடும் பனியனுக்குள் ஊசி முனை ஒன்று போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால், இந்த விதியின் அவசியம் புரியும்.

இப்போது அந்த டெய்லரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மணி நான்கரை. இன்றைக்கு பீஸ் குறைவு. போய்ச் சொன்னால் பதினைந்து நிமிடம் மெஷின் நிற்கும், சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்துவார். டப்பாவுக்குள் பழைய ஊசி ஒன்று ஒளித்து வைத்திருக்கிறார். மாற்றிப் போட்டால் ஒரு நிமிட வேலை. அவர் எதைச் செய்வார் என்பது, போன தடவை ஊசி உடைந்தபோது நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும் விதி அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வராது.

ஆகவே ஒருவர் கெட்ட செய்தியோடு வரும்போது, முதல் பத்து நொடியில் உங்கள் முகமும் வாயும் என்ன செய்கின்றன என்பதைப் பழக்கிக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில், "உடனே வந்து சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள். அடுத்து கையில் ஏதாவது பட்டதா என்று கேளுங்கள். பிறகு நீங்களும் குனிந்து துண்டைத் தேடுங்கள். லைட்டை மெஷின் மேல் திருப்பி, காந்தத்தை மெஷின் தலைப்பக்கமும் தரையிலும் ஓட்டி, கடைசியாகத் தைத்த நாலைந்து பீஸைத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் கிடைத்த பிறகு, "எந்த இடத்தில் உடைந்தது? இதே இடத்தில் முன்பும் உடைந்திருக்கிறதா?" என்று விசாரியுங்கள். "ஏன் உடைத்தாய்?" என்ற கேள்வியையும் "எந்த இடத்தில் உடைந்தது?" என்ற கேள்வியையும் வைத்துப் பாருங்கள். முதலாவதற்குச் சாக்குத்தான் பதிலாக வரும். இரண்டாவதற்குத் தகவல் வரும்: அந்த மடிப்பில் ரிப் இரண்டு சுற்று வருகிறது, இந்த ஊசி நம்பர் அதற்குப் போதாது, மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.

இது நல்ல மனதுக்காரர்களின் யோசனை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கையில் வந்த கணக்கு தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. காரணத்தைத் தேடிப் போனபோது, அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்ற விளக்கம் கிடைத்தது. உங்கள் லைனில் ஆல்டர் எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் சந்தோஷப்படும் முன், கோளாறுதான் குறைந்ததா, அல்லது சொல்வதை நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள்.

ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் கோளாறைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார், குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். கயிறு வாங்கிக் கட்டுவது சுலபம். இழுத்தவரைப் பார்த்து யாரும் முறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். திருப்பூரில் அதற்குக் கயிறுகூட வேண்டாம். கை தூக்கினால் ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்று முதல் மாதத்திலேயே பழக்கிவிட்டால் போதும்.

கற்றுக்கொடுப்பது

புதிதாக வந்தவரை நல்ல டெய்லர் பக்கத்தில் உட்கார வைத்து, "பார்த்துக் கற்றுக்கொள்" என்பதுதான் நம் வழக்கம். பார்த்துக் கற்றுக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கு ஆகும் மாதங்களையும், அதற்குள் வீணாகும் துணியையும், பாதியில் ஓடிப்போகிறவர்களையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்காவில் அனுபவமுள்ள தொழிலாளர்கள் படைக்குப் போய்விட, ஆலை வேலையே தெரியாதவர்கள் லட்சக்கணக்கில் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு வேகமாக வேலை கற்றுக்கொடுக்க சூப்பர்வைசர்களைப் பழக்கும் திட்டம் ஒன்றை அந்நாட்டு அரசு 1940-இல் தொடங்கியது. அதில் வகுத்த நான்கு படிகள் போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவிலும் வேரூன்றின. இன்றைக்கும் அதைவிட எளிய முறையை நான் பார்க்கவில்லை. கழுத்து ரிப் ஏற்றுவதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் படி, ஆளைத் தயார் செய்வது. பதற்றத்தைக் குறையுங்கள், இதற்கு முன் என்ன தைத்திருக்கிறார் என்று கேளுங்கள், முடிந்த பனியனைக் கையில் கொடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, செய்துகாட்டுவது. அவருக்கு எதிரில் உட்கார்ந்து செய்தால் இடது வலது மாறிவிடும். பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு தடவை பேசாமல் செய்து காட்டுங்கள். இரண்டாம் தடவை முக்கியமான இடத்தில் மட்டும் நிறுத்திச் சொல்லுங்கள். கழுத்துச் சுற்றைவிட ரிப் சிறியதாக வெட்டப்பட்டிருக்கும். ஆகவே ரிப்பைத்தான் இழுக்க வேண்டும், உடல் துணியை இழுக்கவே கூடாது. இரண்டையும் நான்காகப் பிரித்துக் குறி வைத்துக்கொண்டு, குறியோடு குறி சேர வேண்டும். மூன்றாம் தடவை காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உடல் துணியை இழுத்தால் கழுத்து அலையடிக்கும், ஒரு பக்கம் மட்டும் ரிப்பை அதிகம் இழுத்தால் கழுத்து கோணும், துவைத்த பிறகு அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது, அவரைச் செய்ய விட்டு, செய்துகொண்டே அவர் வாயால் சொல்ல வைப்பது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "எதை இழுக்க வேண்டும், ஏன்?" என்று கேட்டால்தான் புரிந்ததா என்று தெரியும். மொழி தெரியாதவர் கையால் காட்டினாலும் போதும்.

நான்காவது, தனியாக விட்டுவிட்டு அடிக்கடி வந்து பார்ப்பது. முதல் மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு அரை மணிக்கு ஒரு முறை, பிறகு மற்றவர்களைப் போல. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே நிற்க வேண்டும்

புது சூப்பர்வைசர்கள் லைன் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பார்கள், "சீக்கிரம், சீக்கிரம்" என்று. சீக்கிரம் என்ற வார்த்தையால் ஒரு பீஸ்கூட அதிகம் வராது. தோள் இணைப்புக்கு 30 நொடி ஆகிறது, கழுத்து ரிப்புக்கு 50 நொடி ஆகிறது என்று வையுங்கள். தோள் தைப்பவர் மணிக்கு 120 பீஸ் தள்ளலாம். ரிப் தைப்பவர் ஒருவர்தான் என்றால் லைனிலிருந்து மணிக்கு 72-க்கு மேல் வராது. தோள்காரரை விரட்டினால் ரிப் மெஷினுக்கு முன்னால் பண்டில் மலையாகக் குவியும், அடியில் இருப்பது கசங்கும், அழுக்காகும், நம்பர் ஸ்டிக்கர் விழுந்து வேறு துணி ரோலில் வெட்டிய சட்டைக் கை இதில் சேர்ந்து ஷேடு மாறும்.

பண்டில் குவிந்திருக்கும் மெஷினுக்கு முன்னால் போய் நில்லுங்கள். அவர் கை மெதுவாக இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாமல் ஐந்து பீஸ் தைத்து முடிக்கும் வரை பேசாமல் பாருங்கள். பண்டிலைப் பிரிக்கவும், குறி வைக்கவும், நூலை வெட்டவும் எவ்வளவு நேரம் போகிறது? அவற்றை ஒரு கைமடிக்குக் கொடுத்தால் 50 நொடி 40 ஆகலாம். தோள்காரருக்கு ரிப் பழக்கம் இருந்தால், மணிக்கு இருபது நிமிடம் அவரை இந்தப் பக்கம் மாற்றலாம். முதல் வாரம் நோட்டில் எழுதினீர்களே, யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்று, அது இங்கேதான் உதவும். மணிக்கணக்குப் பலகையில் எண்ணை எழுதும்போது பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: "11–12: 48 பீஸ், ரிப் வரவில்லை." எண் மட்டும் இருந்தால் அது ஆட்களைத் திட்டத்தான் பயன்படும்.

கண்டிப்பும் பாராட்டும்

கண்டிக்க வேண்டிய நேரம் வரும். தள்ளிப்போடாதீர்கள், அன்றே பேசுங்கள். எல்லோர் முன்னாலும் பேசாமல், தேநீர் இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். "இந்த நாலு பீஸில் தையல் விட்டுப்போயிருக்கிறது, பாருங்கள்" என்றால் ஏற்றுக்கொள்வார். "உங்களுக்கு எப்போதுமே கவனம் கிடையாது" என்றால் சண்டைக்கு வருவார், அல்லது வாயை மூடிக்கொண்டு அடுத்த வாரம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். திருப்பூரில் டெய்லருக்கு வேலை கிடைக்க அரை நாள் போதும்.

பாராட்டும்போதும் அதே போல் குறிப்பாகச் சொல்லுங்கள். வெறும் "சூப்பர்" யார் மனதிலும் நிற்காது. "சட்டைக் கையின் ஷேடு மாறியிருப்பதை நீங்கள் பார்த்து நிறுத்தியதால் நாற்பது பீஸ் தப்பித்தது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னால், மறுநாள் நாலு பேர் ஷேடைப் பார்ப்பார்கள்.

நியாயம் எங்கே சோதிக்கப்படுகிறது

பெரிய விஷயங்களில் இல்லை. லீவில், சுலபமான ஆபரேஷனில், கூடுதல் நேரத்தில், பாத்ரூம் போவதில்.

பொங்கலுக்கு யார் முதல் நாளே ஊருக்குப் போகிறார்கள், சாத் பண்டிகைக்கு பீகார் ஆட்களுக்கு எத்தனை நாள் என்பதைப் போன வருடப் பட்டியலை வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி முடிவு செய்யுங்கள். உங்கள் ஊர்க்காரர், உங்கள் சொந்தக்காரர் யாராவது லைனில் இருந்தால், அவருக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சலுகையையும் மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைவில் வையுங்கள்.

கூடுதல் நேரத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். ஒன்றரை ஷிப்ட் என்பது இந்த ஊரில் பழகிப்போன விஷயம். ஆனால் வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் போகும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் இரட்டிப்புக் கூலியையே சொல்கிறது, தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்கிறது. கூலியை நிர்ணயிப்பது உங்கள் கையில் இல்லை. மதியத்துக்குள் சொல்லுவது உங்கள் கையில் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு வந்து "இன்று ஒன்பது மணி வரை" என்றால், பள்ளி விட்டு வந்து பூட்டிய வீட்டின் முன் நிற்கும் பிள்ளைக்கு அந்தத் தாய் என்ன ஏற்பாடு செய்வார்? வேண்டாம் என்பவரை மறுநாள் கஷ்டமான மெஷினில் போட்டுப் பழிவாங்காமல் இருப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இரவு முடிந்து போகும் பெண்களுக்கு வண்டி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நீங்கள் கிளம்ப வேண்டும்.

பாத்ரூம் போக டோக்கன் வைப்பது, நேரம் குறிப்பது போன்றவற்றை உங்கள் லைனில் அனுமதிக்காதீர்கள். தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்குமே என்று குடிக்காமலே இருந்து சிறுநீர்த் தொற்றோடு வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் அந்த மெஷினில் உட்கார ஓர் ஆளைத் தயாராக வைத்திருப்பது, அல்லது நீங்களே உட்காருவது, கஷ்டமான காரியம் இல்லை.

மேலே உண்மையைச் சொல்வது

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். சரக்கு சனிக்கிழமை தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். மேனேஜர் இன்றைக்கு 900 பீஸ் கேட்கிறார். உங்கள் கணக்கில் 700 தான் வருகிறது. "பார்க்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு, மாலையில் 680-ஐக் கொண்டுபோய் நின்றால் அவருக்கு எந்த வழியும் இல்லை. காலை பதினோரு மணிக்கே போய், "சார், இப்போது போகும் வேகத்தில் 700 வரும். கழுத்து ரிப்பில் தேங்குகிறது. மூன்றாம் லைனிலிருந்து ரிப் பழக்கமுள்ள ஒருவரை மதியம் கொடுத்தால் 800 தொடலாம். அதற்கு மேல் போனால் ஆல்டர் கூடும்" என்று எண்ணோடும் வழியோடும் சொன்னால், முகம் சுளித்தாலும் அவருக்கு யோசிக்க ஒரு நாள் கிடைக்கிறது. சரக்கை வாங்கும் பையரிடம் பேசுவதா, பாதிச் சரக்கை முதலில் அனுப்புவதா என்று அவர் முடிவு செய்யலாம்.

முடியாத பண்டிலை முடிந்ததாக எழுதி எண்ணைத் தூக்கிக் காட்டும் வழக்கம் சில தளங்களில் இருக்கிறது. நாளைக்குச் சரிக்கட்டிவிடலாம் என்று தொடங்குவார்கள். அந்த நாளை வராது. ஒரு முறை எழுதிய பொய்யைக் காப்பாற்ற, கணக்கு எழுதும் பிள்ளையையும் செக்கிங் பெண்ணையும் கூட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும். பிறகு அவர்களிடம் எந்த முகத்தோடு "தவறு நடந்தால் வந்து சொல்லுங்கள்" என்று கேட்பீர்கள்?

மேனேஜர் உங்களைத் திட்டினால், அதை அப்படியே கொண்டுவந்து லைனில் கொட்டாதீர்கள். ஐந்து நிமிடம் வெளியே நின்று தண்ணீர் குடியுங்கள். திட்டிலிருந்து தகவலை மட்டும் பிரித்தெடுத்து, அதை லைனுக்குச் சொல்லுங்கள். அதே போல, லைனில் ஒருவர் சொன்ன நல்ல யோசனை மேலே போகும்போது அவர் பெயரோடு போக வேண்டும்.

நீங்களே தீர்க்கக் கூடாதவை

சில விஷயங்களைப் பஞ்சாயத்துப் பண்ணி முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்காதீர்கள். ஒரு பெண், யாரோ ஒருவர் தப்பாகத் தொட்டார், தப்பாகப் பேசினார் என்று உங்களிடம் சொன்னால், "நான் அவனிடம் பேசிவிடுகிறேன், விடு" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பெண் ஒருவர்தான் அதற்குத் தலைமை வகிக்க வேண்டும். வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயர் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அந்தப் பெண் சொல்வதை முழுவதும் கேளுங்கள், குழுவிடம் போக உதவுங்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். பெண்களுக்கான அரசு உதவி எண் 181 என்பதையும் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள் டீ குடிக்கும் நண்பராக இருந்தாலும் இதில் எதுவும் மாறாது.

கையில் ஊசி ஏறினாலும், கட்டிங் கத்தி பட்டாலும், சின்னக் காயம் என்று துணி சுற்றி விட்டுவிடாமல் பதிவு செய்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சம்பளப் பிடித்தம் பற்றிய புகாரை உரியவரிடம் கொண்டுபோங்கள், பதில் வரும் வரை விடாதீர்கள். குடித்துவிட்டு வந்தவரை மெஷினில் உட்கார வைக்காமல் அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் தெளிந்த பிறகு பேசுங்கள்.

மூன்றாம் மாதம்: லீவு எடுங்கள்

பொறுப்பேற்று இரண்டு மாதம் ஆனதும், லைனில் ஒருவரை உங்களுக்கு அடுத்த ஆளாகப் பழக்கத் தொடங்குங்கள். வேகமாகத் தைப்பவரைவிட, பக்கத்து மெஷின்காரர் சந்தேகம் வந்தால் யாரைத் திரும்பிப் பார்க்கிறாரோ அவரைத் தேர்ந்தெடுங்கள். பல லைன்களில் அது ஒரு பெண்ணாக இருக்கும். பெண்கள் இவ்வளவு பேர் தைக்கும் தொழிலில் சூப்பர்வைசர் நாற்காலியில் ஆண்களே அதிகம் இருப்பது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம். அதை மாற்றுவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு இது. காலைச் சுற்றை ஒரு வாரம் அவரைச் செய்ய விடுங்கள். மணிக்கணக்குப் பலகையை அவர் எழுதட்டும். மேனேஜரிடம் போகும்போது அழைத்துப் போங்கள். கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளம் கேட்டு வாங்கிக் கொடுங்கள், வெறும் பேருக்கு வேலை வாங்காதீர்கள்.

பிறகு, அவசரம் எதுவும் இல்லாத ஒரு வாரத்தில் ஒரு நாள் லீவு போடுங்கள். நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, போனை மதியம் ஒரு முறை மட்டும் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். மறுநாள் வந்ததும் எத்தனை பீஸ் என்று கேட்காமல், "என்ன கோளாறு வந்தது, யார் வந்து சொன்னார்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் தாங்களாகவே எழுந்து வந்து அவரிடம் சொல்லியிருந்தால், அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு கேட்டுப் பாருங்கள்.